நாலாம் கட்டில் ஒச்சாயி, அஞ்சாம் கட்டில் ஒச்சாயி

அலங்காநல்லூர் காளையைத் தெரியாத மாடு மதுரை வட்டாரத்திலேயே கிடையாது. மனுசர்களில் நாலைந்து பேருக்கு ஒருவேளை தெரியாமல் இருக்கலாம். மாடுகளுக்குள்ளே அவனைப் பற்றிப் பேச்சு உண்டு. இருபது வருசத்துக்கு முன்னால் வாடிவாசலில் அவன் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு செவலை மாடு திரும்பி உள்ளே போய், இன்றைக்கு வெளியே வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டதாக ஊரில் இன்னும் சத்தியம் பண்ணுவார்கள். மாடுபிடி வீரன் காளைக்கு இப்போது நாற்பத்தெட்டு வயசு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. விலாவில் ஒரு தையல், தொடையில் ரெண்டு. எந்தத் தையலுக்கும் அவன் வாயிலிருந்து ஒரு ‘ஸ்’ வந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட ஆள், அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் மூணாவது மாடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். முழங்கால் ரெண்டும் ஒன்றோடொன்று இடித்துத் தாளம் போட்டன. பக்கத்தில் நாலாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தவள் அவன் பெண்டாட்டி சத்யப்ரியா.

கர்ப்பப்பையில் கட்டி. முதல் ஸ்கேனில் எலுமிச்சை என்றார்கள், அடுத்ததில் சாத்துக்குடி. காளை ஊரில் சொல்லும்போது அது தேங்காயாகி, பூசணியில் வந்து நின்றது. உதிரம் போய்ப் போய் உடம்பு வெளுத்து, சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்ந்தால் ஆள் எது, சுவர் எது என்று தெரியாத நிலைமை. “உடம்புல ரத்தம் ஆறு பாயிண்டுதான் இருக்கு. கொஞ்சம் ஏத்திக்கிட்டு வியாழக்கிழமை ஆபரேசன் வச்சுக்கலாம்” என்று டாக்டர் விஸ்வநாத் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் படுக்கை.

காலையிலேயே ஒரு தாளை நீட்டி, “ரத்தம் ஏத்தச் சம்மதம்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கண்ணே” என்றார்கள். காளை அதை வாசிக்கவில்லை. மாடு பிடிக்க இறங்குகிறவன் எழுதிக் கொடுப்பானே, ‘என்ன ஆனாலும் நானே பொறுப்பு’ என்று, அந்த மாதிரித் தாள்தான் இதுவும் என்று அவனாக முடிவு கட்டிக்கொண்டான். கையெழுத்தோடு வாயையும் சேர்த்துக் கொடுத்துவிட்ட மாதிரி ஆகிப் போனது. இனிமேல் ஒரு கேள்வி கேட்க அவனுக்கு உரிமை கிடையாது.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பேர் எழுதி மணிக்கட்டில் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் பட்டை, கோயில் காப்புக் கயிற்றில் உரசி உரசிச் சத்யப்ரியாவுக்கு அரிப்பெடுத்துவிட்டது. “மாமா, இத ஏதாச்சும் பண்ணேன்” என்றாள். காப்பை அறுத்தால் சாமி குத்தம். பட்டையை அறுத்தால் யார் குத்தம்? முழுக் கரும்பை நட்டுவாக்கில் பிளக்கிற பல்லு அவனுக்கு. ஒரே கடி. பட்டையைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அப்படி ஒன்றும் பெரிய காரியமாக அவனுக்குத் தோன்றவில்லை.

அஞ்சாம் கட்டிலில் இருந்தது செல்லம்பட்டி ஒச்சாயி. அறுபதுக்கு ரெண்டு குறைவு. குடல் புண்ணால் ரத்தம் குறைந்து வந்த பொம்பளை. வாய் மட்டும் ஒரு சொட்டுக் குறையவில்லை. விடிந்ததும் சத்யப்ரியாவை விசாரித்தாள்.

“எந்த ஊருத்தா உனக்கு?”

“வாக்கப்பட்டது அலங்காநல்லூரு. பெறந்தது உசிலம்பட்டிப் பக்கம். எனக்கும் வீட்டுல உங்க பேருதான்.”

“அதானே! அந்தப் பக்கத்துல பொறந்துட்டு ஒச்சாயி இல்லாமப் போவியா?”

சத்யப்ரியா என்பது பள்ளிக்கூடத்துக்கும் ஆதார் அட்டைக்கும் வைத்த பேர். அவள் பிறந்த வகையறாவில் தலைச்சன் பெண்ணுக்குக் குலசாமி ஒச்சாண்டம்மன் பேரைத்தான் வைப்பார்கள். அங்கே ஒரு கல்யாண வீட்டில் நின்று ‘ஏ ஒச்சாயி’ என்று கூப்பிட்டால் பந்தி மொத்தமும் இலையை விட்டு எழுந்துவிடும். நாற்பத்தொரு வருசமாக அவளைச் சத்யப்ரியா என்று கூப்பிட்டது பேங்க்காரர்களும் ரேசன் கடைக்காரரும்தான்.

பத்தரை மணிக்கு அஞ்சாம் கட்டில் ஒச்சாயியைத் தள்ளுவண்டியில் வைத்து ஸ்கேனுக்குக் கீழே கொண்டுபோனார்கள். பத்து நிமிசம் கழித்து நர்ஸ் பிருந்தா கையில் ரத்தப் பையோடு உள்ளே வந்தாள். நல்ல பிள்ளைதான். முந்தின நாள் ராத்திரியில் இருந்து நின்ற கால் நிற்கிறாள், மாற்றிவிட ஆள் வரவில்லை. கூட நின்று சரிபார்க்க வேண்டிய இன்னொரு நர்ஸை ஆபரேசன் தியேட்டருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வாசலில் நின்றபடியே கேட்டாள்:

“ஒச்சாயிதானம்மா?”

“ஆமாம்மா” என்றாள் சத்யப்ரியா. பொய் இல்லையே.

பையைக் கம்பியில் மாட்டி, டியூபைச் செருகி, அதில் இருந்த குட்டிச் சக்கரத்தைத் திருகிவிட்டு, “ஏதாச்சும்னா கூப்பிடுங்கண்ணே” என்று பிருந்தா போய்விட்டாள்.

முதல் சொட்டு விழுந்தது. காளை பையை அண்ணாந்து பார்த்தான். சீட்டில் இங்கிலீசில் என்னென்னவோ. அதில் பெரிசாக ‘பி பாசிட்டிவ்’ என்று மட்டும் அவனுக்கு வாசிக்க வந்தது. மனசு துள்ளியது. அவனுக்கும் அதே பி பாசிட்டிவ்தான்! மாடு பிடிக்கப் பேர் பதிகிறபோது டாக்டர் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

“ஒச்சாயி, நம்ம குரூப்புதான் புள்ள! நான் குடுத்திருந்தாலே போதும்போல” என்று சொல்ல வாயைத் திறந்தான்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

பதினாறு வருசத்துக்கு முன்னால் மூத்தவள் பிறந்தபோது உதிரம் நிற்கவில்லை. காளை சட்டையைக் கழற்றிக் கையை நீட்டி, “எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க” என்று நின்றான். அந்த டாக்டரம்மா சிரித்துவிட்டது. “உங்களுக்கு பி, அவங்களுக்கு ஓ. உங்க ரத்தம் அவங்களுக்குச் சேராதுய்யா.” அன்றைக்குப் பிடித்துக்கொண்டவள்தான் சத்யப்ரியா. குழம்பில் உப்புக் கூடினாலும் சரி, கொழுந்தியா வீட்டுக் காதுகுத்துக்குச் செய்முறை குறைந்தாலும் சரி, சண்டை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதான்: “உன் ரத்தமே எனக்குச் சேராதுன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாக மாமா!” பதினாறு வருசத்தில் பதினாறாயிரம் தடவை கேட்டிருப்பான். அலங்காநல்லூரில் கேட்காத ஆள் கிடையாது.

அவனுடைய பி சேராது என்றால், இந்தப் பி மட்டும் எப்படிச் சேரும்?

ஸ்டூலை விட்டு எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். சொல்லலாமா? சொல்லி, தப்பாய்ப் போய்விட்டால்? ‘புண்ணாக்கு விக்கிறவன் எனக்குச் சொல்லித் தாரியா’ என்று கேட்டால்? அது போகட்டும். வியாழக்கிழமை இவளைக் கத்திக்குக் கீழே கொடுக்கப் போகிறான். இன்றைக்கு முறைத்துக்கொண்டால் நாளை மறுநாள் ஊசியைக் கோணலாகக் குத்தினால்? பதினாறு வருசத்தில் ரத்தம் மாறியிருக்குமோ? முடி நரைக்கிறது, பல் விழுகிறது, ரத்தம் மட்டும் அப்படியே இருக்குமா? அவ்வளவு படித்தவர்கள் பார்க்காமலா மாட்டுவார்கள்? போதாததற்குக் கையெழுத்து வேறு போட்டுத் தொலைத்திருக்கிறான்.

ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. வைகையில் வெள்ளம் வந்தபோதுகூட அம்புட்டுச் சத்தம் கேட்டதில்லை. ஒவ்வொரு சொட்டும் அவன் காதுக்குள் விழுந்து உடைந்தது.

“மாமா, கையி எரியுது” என்றாள் சத்யப்ரியா.

அவன் கதவைப் பார்த்தான், பையைப் பார்த்தான்.

“குளிருது மாமா.”

போர்வையை இழுத்து மூடினான். பல் கிடுகிடுவென்று அடித்தது அவளுக்கு. காளை வராந்தாவுக்கு ஓடினான். பிருந்தா ஒரே நேரத்தில் போனிலும் பேசி, மாத்திரையும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி... அது வந்து... அவளுக்குக் குளிருதுங்குறா.”

“ஏசியா இருக்கும்ண்ணே. போர்த்திவிடுங்க, இந்தா வாரேன்.”

“சரிம்மா.”

சரியாமே! மாட்டைத் திமிலோடு கட்டிப் பிடித்த வாய்க்கு அம்புட்டுத்தான் வந்தது. ‘பி’ என்கிற ஒற்றை எழுத்தைச் சொல்லாமலே திரும்பி வந்தான்.

சத்யப்ரியா புரண்டுகொண்டிருந்தாள். “முதுகு வலிக்குது. இடுப்புக்கு மேல... ரெண்டு பக்கமும் பிடுங்கி எடுக்குது.” அவன் கையைப் பிடித்தாள். விரலெல்லாம் ஜில்லென்று இருந்தது. “எனக்கு என்னமோ பண்ணுது மாமா. பயமா இருக்கு. செத்துப் போயிருவேன்போல இருக்கு.”

அதுதான் அவனை எழுப்பியது. மூணு பிள்ளை பெற்றவள், வீட்டுக்குள் வந்த நல்ல பாம்பை முறத்தால் ஒதுக்கிவிட்டு உலை வைத்தவள். பயம் என்கிற சொல்லே அவள் வாயில் அவன் கேட்டதில்லை.

பாய்ந்து போய் அந்த டியூபை ரெண்டு விரலால் நசுக்கிப் பிடித்தான். கொம்பு வயிற்றில் ஏறினாலும் திமிலை விடாத பிடி, அப்படியே ரெண்டு விரலுக்குள் இறங்கிவிட்டது. சொட்டு நின்றது. பிடித்த பிடியில் நின்றுகொண்டு ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், அழகர்கோவில் மலையில் இருந்த குரங்கெல்லாம் கிளையை விட்டிருக்கும்.

“சிஸ்டரேய்! நிறுத்தணும்! இந்த ரத்தம் இவளுது இல்ல!”

பிருந்தா ஓடிவந்தாள். “அண்ணே, கையை எடுங்க! டியூபைத் தொடக்கூடாது!”

“தொடக்கூடாதுன்னு தெரியும் தாயி. நீ நிறுத்து, நான் எடுக்கிறேன்.”

“என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க.”

“இவளுக்கு ஓ. பையில பி போட்டிருக்கு. எனக்குத் தப்பா இருந்தா என் கன்னத்துல அறைஞ்சிரு, வாங்கிக்கிறேன். ஆனா மொதல்ல நிறுத்திட்டு அப்புறம் பாரு.”

பிருந்தா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சக்கரத்தைத் திருகி மூடினாள். “உங்க முழுப் பேரு சொல்லுங்கம்மா.”

“சத்... சத்யப்ரியா.”

“ஒச்சாயின்னீங்களே?”

“அது வீட்டுல...”

“பட்டை எங்க? கையில மாட்டுனது?”

காளை சட்டைப் பையில் இருந்து எடுத்து நீட்டினான். பல் தடம் அதில் அச்சாகப் பதிந்திருந்தது. பிருந்தா பட்டையைப் பார்த்தாள். ரத்தப் பையின் சீட்டைப் பார்த்தாள். ஒச்சாயி, ஐம்பத்தெட்டு வயசு, கட்டில் அஞ்சு. மறுபடி பட்டையைப் பார்த்தாள். வெளுத்துக் கிடந்த சத்யப்ரியாவைவிட அவள் முகம் வெளுத்தது. சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அடித்தாள்.

அதற்குப் பிறகு அறைக்குள் எத்தனை பேர் வந்தார்கள் என்று காளையைக் கேட்டால் நூறு என்பான். டியூபைக் கழற்றிப் புதுசு மாட்டி உப்புத் தண்ணீரை ஓட விட்டார்கள். பையைத் தூக்கி எறியாமல் பத்திரமாகக் கட்டி ரத்த வங்கிக்கு அனுப்பினார்கள். ஊசி, ஆக்ஸிஜன், சிறுநீர்ப் பை. டாக்டர் விஸ்வநாத் செருப்பைக்கூட ஒழுங்காய் மாட்டாமல் ஓடிவந்தார்.

“கொஞ்சந்தான் உள்ள போயிருக்கு. ஆனா ஒத்துக்காத ரத்தம் கொஞ்சம் போனாலும் கிட்னியைத் தாக்கலாம்” என்று அவர் மறைக்காமல் சொன்னார். “ஒண்ணுக்கு எந்த நிறத்துல வருதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். அது தெளிஞ்சாத்தான் நமக்கு மூச்சு.”

முதலில் வந்தது, செங்கல்லைக் கரைத்த நிறத்தில். காளை அந்தப் பையின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். தங்கத்தைக்கூட எந்தத் தட்டானும் அப்படி உற்றுப் பார்த்திருக்க மாட்டான். தன் பல்லைத் தானே பிடுங்கி எறியலாம் போல இருந்தது. பட்டை கையில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பார்த்திருக்கும். மூணு பிள்ளைகளுக்கும் என்ன சொல்வான்? அம்மாவுக்குக் கை அரித்தது, அதனால் கடித்துவிட்டேன் என்றா? ஒச்சாண்டம்மனுக்கு ஒரு கிடா என்று வேண்டிக்கொண்டான். நிறம் மாறவில்லை. மூணாக்கினான். மத்தியானத்துக்குள் ஒரு கிடை ஆடே நேர்ந்துவிட்டிருந்தது.

ஸ்கேன் முடிந்து வந்த செல்லம்பட்டி ஒச்சாயி விசயத்தைக் கேட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “என் பேரையும் வச்சுக்கிட்டு என் ரத்தத்தையும் வாங்கிக்கிட்டியா ஆத்தா!” என்றவள், கட்டிலில் ஏறாமல் வந்து சத்யப்ரியாவின் பாதத்தைத் தேய்த்துவிட ஆரம்பித்தாள். “ஏய்யா, நீ நிறுத்தலேன்னா அடுத்து அவ பையை எனக்கு மாட்டிருப்பாகல்ல?” என்று காளையைக் கேட்டாள். அந்த நினைப்பு அதுவரை அவனுக்கு வரவில்லை. வந்ததும் முழங்கால் மறுபடி இடிக்கத் தொடங்கியது.

நாலு மணிக்கு மேல் செங்கல் நிறம் டீத்தண்ணியானது. வெயில் தாழ்கிறபோது வைக்கோல் நிறத்துக்கு வந்தது. விஸ்வநாத் பையைத் தூக்கிப் பார்த்து, “தப்பிச்சோம்” என்றார். ‘தப்பிச்சாங்க’ என்று அவர் சொல்லவில்லை. “ரெண்டு நாள் டெஸ்ட் எடுத்துக்கிட்டே இருப்போம். ஆபரேசனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன். நடந்ததைக் கீழ விஜயம் மேடத்துக்கிட்ட எழுதிக் குடுங்க. நாங்களும் எழுதுறோம்.”

விஜயம் என்பது நோயாளிகளின் குறை கேட்கிற அதிகாரி. தரைத்தளத்தில் சின்ன அறை, முகத்தில் பெரிய மூக்குக்கண்ணாடி. மறுநாள் காலையில் அந்த அம்மா முன்னால் காளை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மேசையில் ஒரே ஒரு தாள் கிடந்தது. வாடிவாசலில் அவன் பார்த்த எந்தக் கொம்பும் அந்தத் தாளைப் போலக் கூராக இல்லை.

“உட்காருங்க. எழுதுங்க.”

“வேணாம்மா. பொழைச்சிட்டால்ல, போதும். இன்னும் ஆபரேசன் இருக்கு. கத்தி உங்காளுக கையில. எழுதிக் குடுத்துட்டு எப்படிம்மா அவளை உள்ள அனுப்புவேன்?”

“அந்தப் பயம் எல்லாருக்கும் உண்டு. அதனாலதான் என்னை டாக்டர்களுக்குக் கீழ வைக்காம தனியா வச்சிருக்காங்க” என்றார் விஜயம். “நேத்துக் காலையில ஒரு தாளுல கையெழுத்துப் போட்டீங்களே, வாசிச்சீங்களா?”

“யாரையும் ஒண்ணும் கேக்கமாட்டேன்னுதானம்மா?”

அந்த அம்மா நகலை எடுத்து அவன் பக்கம் திருப்பி வைத்தார். அவன் கையெழுத்துக்கு நேர் மேலே இருந்தது: ‘ரத்தம் ஏறும்போது உடம்பில் எந்த மாற்றம் தெரிந்தாலும், எந்தச் சந்தேகம் வந்தாலும் உடனே சொல்லவும். எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்லலாம்.’

காளை மூணு தடவை வாசித்தான். காது சிவந்தது.

“அந்தப் புள்ளைக்கு வேலை போயிருமாம்மா?”

“ஒத்த ஆளு ரெண்டு ஆளு வேலையப் பாக்குறது யாரு தப்புன்னு நீங்க எழுதுனாத்தான் மேல இருக்கவங்க கேட்பாங்க. பிருந்தா நேத்தே எழுதிக் குடுத்திருச்சு. அது எழுதுனது மட்டும் போதாது, உங்களுதும் வேணும். எங்க பதில் சரியில்லைன்னா இதுக்கு மேலயும் நீங்க போகலாம். அதனால நகல் வாங்காம இங்கருந்து எந்திரிக்காதீங்க.”

காளை பேனாவை உளி மாதிரிப் பிடித்தான். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தான். “கடிச்சதையும் எழுதணுமாம்மா?”

“எதைக் கடிச்சதை?”

அது அந்த அம்மாவுக்குத் தெரியாது போலிருக்கிறது. தப்பித்துவிடலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது. மேலே நாலாம் கட்டிலில் கிடக்கிறவள் காலையில் சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது: “போயி எழுது. நீ கடிச்சது, நான் ஆமான்னது, ஒண்ணு விடாம எழுது. நம்ம தப்ப மறைச்சிட்டு அவுக தப்ப மட்டும் எழுதுனேன்னு வையி, ஆபரேசன் முடிஞ்சு வந்து உன்னைக் கவனிச்சுக்கிறேன்.”

எழுதினான். முன்னும் பின்னுமாக ரெண்டு பக்கம். வியர்வையில் அடியில் இருந்த தாளும் நனைந்துபோனது.

அடுத்த வாரம் மறுபடி ரத்தம் வந்தது. இந்தத் தடவை ரெண்டு நர்ஸ்கள், அதில் ஒருத்தி பிருந்தா. கட்டில் தலைமாட்டு அட்டையில் புதுசாக ஒரு கட்டம் அடித்து ‘வீட்டுப் பேர்’ என்று போட்டிருந்தார்கள். ஒரே பேர் உள்ளவர்கள் ஒரே அறையில் இருந்தால் சிவப்புச் சீட்டு. செல்லம்பட்டி ஒச்சாயி வீட்டுக்குப் போகிறபோது அந்தச் சிவப்புச் சீட்டைக் கேட்டு வாங்கிப் போய்விட்டாளாம், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்ட.

“உங்க பேரை நீங்களே சொல்லுங்கம்மா” என்றாள் பிருந்தா.

“சத்யப்ரியா. வீட்டுல ஒச்சாயி. வயசு நாப்பத்தொண்ணு. கையில பட்டை இருக்கு, கடிக்கிற ஆளைத் தள்ளி உக்கார வச்சிருக்கேன்.”

பிருந்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. இன்னொரு நர்ஸ் பட்டையில் இருந்ததை எழுத்து எழுத்தாக வாசிக்க, இவள் பையில் இருந்ததை வாசித்தாள். “அண்ணே, நீங்களும் பாருங்க.”

காளை கடைக்குப் போடுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான். ஓ. உருண்டையாக, பூரி மாதிரி, பெரிய ஓ. இருந்தாலும் பையைத் திருப்பி முதுகுப் பக்கமும் பார்த்தான்.

சக்கரம் திரும்பியது. முதல் சொட்டு விழுந்தது. பிருந்தா போகவில்லை, கையில் கடிகாரத்தோடு முழுசாகக் கால் மணி நேரம் கட்டிலை விட்டு நகராமல் நின்றாள். காளை ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து சொட்டை எண்ணினான்.

“கை எரியுதா புள்ள?”

“இல்ல.”

“முதுகு?”

“இல்ல மாமா.”

“குளிருதா? மறைக்காம சொல்லு. ஏதாச்சும்னா நிறுத்தச் சொல்லலாம், எழுதியே இருக்கு.”

“மாமா.”

“என்னாத்தா?” பாதி எழுந்துவிட்டான். ரெண்டு விரலும் தானாக டியூபை நோக்கிப் போயின.

“முழங்காலை ஆட்டாம உக்காரு. கட்டில் ஆடுது.”